நரம்பு டெஸ்ட்டில் "ஆக்ஸனல்" என்று வந்திருக்கிறது, என் மகள் மறுபடி நடப்பாளா?

ஒண்டிக்கடை அம்மா
டிசம்பர் 11, இரவு 10.50

வணக்கம். எங்கள் ஊர் ஏற்காடு. இப்போது சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரி வார்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மகளுக்கு ஆறு வயது, எடை 18 கிலோ. நவம்பர் மூன்றாம் வாரம் நாலு நாள் வயிற்றுப்போக்கு இருந்து சரியானது. டிசம்பர் 1 அன்று கால் வலிக்கிறது என்று அழுதாள். மறுநாள் வாசல் படியில் இரண்டு தடவை விழுந்தாள். ஒரு டாக்டரிடம் காட்டினோம், சத்துக் குறைவு என்று டானிக் எழுதிக் கொடுத்தார். 4ஆம் தேதி காலையில் எழுந்து நிற்கவே முடியவில்லை. டம்ளர் கையில் நிற்காமல் நழுவியது. அன்றைக்கே கீழே இறக்கினோம். இருபது கொண்டை ஊசி வளைவும் அவள் தலையைப் பிடித்துக்கொண்டே வந்தேன்.

இங்கே ஜி.பி.எஸ்., அதாவது கிலன் பாரே சின்ட்ரோம் என்றார்கள், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோயாம். ஐ.வி.ஐ.ஜி. என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தை டிரிப்ஸில் ஐந்து நாள் ஏற்றி முடித்தாயிற்று. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஒரே மூச்சில் எண்ணச் சொல்லி தினமும் பார்க்கிறார்கள். 6ஆம் தேதி நரம்பு டெஸ்ட் எடுத்தார்கள். காலில் அலையின் உயரம் 0.3 மில்லிவோல்ட், கையில் 1.1. காலில் வேகம் 37. உணர்வு நரம்புகள் நார்மல். முடிவு என்று போட்டிருப்பது: அக்யூட் மோட்டார் ஆக்ஸனல் நியூரோபதி. அசைவுக்கான நரம்பு இழைகளையே திடீரென்று தாக்கும் வகையாம். பயிற்சியில் இருக்கும் டாக்டர் ஒருவர், "நரம்பின் மேலுறை மட்டும் போயிருந்தால் சீக்கிரம் வரும், இது உள்ளே இருக்கிற கம்பியே போன மாதிரி" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அந்த டெஸ்ட்டின்போது நான் பக்கத்திலேயே நின்றேன். கை மணிக்கட்டில் கரன்ட் வைத்ததும் கட்டைவிரல் லேசாகத் துடித்தது. முழங்காலுக்குக் கீழே வைத்தபோது பாதத்தில் ஒன்றுமே அசையவில்லை. திரையில் கோடு படுத்தே கிடந்தது. அதுதான் கண்ணிலேயே நிற்கிறது. மலத்தை வேறு இரண்டு தடவை எடுத்துப் போனார்கள், போலியோவுக்காம். இதை அனுபவித்தவர்கள் யாராவது இருந்தால் உண்மையைச் சொல்லுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை
டிசம்பர் 11, இரவு 11.25

சகோதரி, முதலில் இதைப் படித்துவிட்டுத் தூங்குங்கள். என் மகனுக்கு ஒன்பது வயதில் இதே நோய், ரிப்போர்ட்டிலும் இதே வார்த்தை. ஆறு வாரம் தூக்கிக்கொண்டுதான் போனோம். மூன்றாம் மாதம் சுவரைப் பிடித்து நடந்தான், எட்டாம் மாதம் சைக்கிள் ஓட்டினான். இப்போது அவனுக்கு 13 வயது, பட்டறைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறான்.

போலியோ டெஸ்ட் என்றதும் எங்கள் வீட்டிலும் ஒரே அழுகை. 15 வயதுக்குள் எந்தக் குழந்தைக்குக் கை கால் திடீரென்று துவண்டாலும், காரணம் தெரிந்திருந்தாலும், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி எடுத்தே ஆக வேண்டும். அது அரசாங்கத்தின் கண்காணிப்பு. நம் நாட்டில் இயற்கைப் போலியோ கடைசியாக வந்தது 2011 ஜனவரியில். 60 நாள் கழித்து ஒருவர் குழந்தையைப் பார்க்க வருவார், அப்போது பயந்துவிடாதீர்கள்.


ரீடிங் எடுப்பவன்
டிசம்பர் 12, காலை 6.10

நான் டாக்டர் இல்லை. சேலத்தில் 14 வருடமாக நரம்பு லேபில் டெஸ்ட் எடுக்கும் டெக்னீஷியன். உங்கள் மகளின் டெஸ்ட்டை எடுத்தவன் நானில்லை. ஆனால் இந்த மாதிரி ரிப்போர்ட்டை எத்தனையோ தடவை பிரின்ட் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அதை வாங்கிக்கொண்டு வெளியே போகிறவர்களின் முகத்தையும் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏற்காட்டுக்காரர் என்பதால் மலைப்பாதையை வைத்தே சொல்கிறேன். நாங்கள் அடிவாரத்துச் செக்போஸ்டில் நின்று, மேலே இருந்து எத்தனை வண்டி வருகிறது, எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று எண்ணுகிறோம். வண்டிகளின் எண்ணிக்கைதான் அந்த மில்லிவோல்ட். வந்து சேர்கிற வேகம் நொடிக்கு இத்தனை மீட்டர் என்று வரும். உறை பாதித்த வகையில் வண்டிகள் தாமதமாக, முன்னும் பின்னுமாக வரும், சில நடுவழியிலேயே நின்றுவிடும். உங்கள் மகளுக்கு வந்த வண்டிகளே குறைவு. அதனால் ஆக்ஸனல் என்று எழுதுகிறார்கள்.

வண்டி ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. நடுவில் ஒரு கேட்டைச் சாத்தி வைத்திருக்கலாம், பாதைக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கடைசி வளைவில் மட்டும் மண் சரிந்திருக்கலாம். பாதை முழுக்கவே அடித்துப் போயிருக்கலாம். செக்போஸ்டில் நிற்பவனுக்கு இந்த மூன்றும் முதல் வாரத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். சரி, நரம்பில் அந்தக் கேட் எது? நரம்பைச் சுற்றியுள்ள உறையில் இடைவெளி விட்டு விட்டுச் சின்னக் கணுக்கள் உண்டு. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கேம்பைலோபேக்டர் என்ற கிருமியின் மேல்பூச்சும் நம் நரம்பின் மேல்பூச்சும் கொஞ்சம் ஒரே சாயலில் இருக்கும். கிருமிக்காக உடம்பு செய்த ஆன்டிபாடி, ஆள் மாறி அந்தக் கணுக்களில் போய் ஒட்டிக்கொள்கிறது. சைகை அங்கேயே நின்றுவிடும். ஆன்டிபாடி விலகினால் சில நாளிலோ சில வாரத்திலோ மறுபடி ஓடும். நுனி மட்டும் கருகியிருந்தால் அதுவும் ஓரளவு சீக்கிரமே முளைத்துவிடும். நீளமாகப் போயிருந்தால் நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். ஆறு வயதுப் பிள்ளைக்கு முழங்காலில் இருந்து பாதம் வரை 30 சென்டிமீட்டர் என்று வையுங்கள், 300 நாள் ஆகும்.

இந்த ஆக்ஸனல் வகை பெரிதாகக் கவனத்துக்கு வந்ததே 1990களின் தொடக்கத்தில், வட சீனக் கிராமங்களில் கோடைதோறும் துவண்டு விழுந்த பிள்ளைகளை ஆராய்ந்தபோதுதான். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத் தேறினார்கள். ஆக்ஸனல் என்றாலே கம்பி அறுந்தது என்று அர்த்தமில்லை என்பது அதற்குப் பிறகுதான் தெளிவானது.

இன்னும் இரண்டு விஷயம். டெஸ்ட் எடுத்தபோது அவள் பாதம் சில்லென்று இருந்ததா? தோல் ஒரு டிகிரி குளிர்ந்தால் வேகம் நொடிக்கு சுமார் 2 மீட்டர் குறையும். டிசம்பர் குளிரில் உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் வந்தால் நான் வெந்நீர்ப் பையை வைத்துப் பாதத்தைச் சூடேற்றிவிட்டுத்தான் தொடங்குவேன். அந்த 37 குளிரால் வந்திருக்கலாம். ஆனால் 0.3ஐக் குளிரின் கணக்கில் எழுத முடியாது, குளிர் அலையின் உயரத்தைக் குறைக்காது. அடுத்தது, பிள்ளை அழுதால் கரன்ட்டைக் கூட்டக் கை வராது. போதுமான கரன்ட் கொடுக்காமல் எடுத்தால் அலை பொய்யாகச் சின்னதாகத் தெரியும். இது எல்லா லேபிலும் நடக்கக் கூடியது. அன்றைக்கு எப்படி எடுத்தார்கள் என்று உங்கள் நரம்பியல் டாக்டரிடமே கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்.


அம்மாபேட்டை தறி
டிசம்பர் 12, காலை 9.40

மேலே எழுதிய இருவரும் நல்ல மனதோடுதான் எழுதியிருக்கிறார்கள். நான் வேறு பக்கத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது, வருத்தப்படாதீர்கள் அம்மா.

என் மகளுக்கும் முதலில் ஜி.பி.எஸ். என்றுதான் சொன்னார்கள். ஐ.வி.ஐ.ஜி. போட்டதும் பத்தே நாளில் நடந்தாள். வீட்டில் பொங்கல் வைத்தோம். ஐந்தாம் வாரம் மறுபடி தடுமாறினாள். சில பேருக்கு அப்படி ஒரு முறை இறங்கி ஏறும் என்று திரும்பவும் மருந்து போட்டார்கள், தேறினாள். பதினோராம் வாரம் மறுபடியும் விழுந்தாள். அப்போதுதான் இது ஜி.பி.எஸ். அல்ல, சி.ஐ.டி.பி., நரம்பின் உறையைத் தாக்கும் நாள்பட்ட வகை என்று சொன்னார்கள். ஜி.பி.எஸ். நாலு வாரத்துக்குள் அடிமட்டத்தைத் தொட்டுவிட்டு மேலே ஏற வேண்டும். எட்டு வாரம் தாண்டியும் இறங்கினால், இல்லை மூன்று தடவை இறங்கினால், நோயின் பெயரையே மறுபடி யோசிக்க வேண்டும். இது எனக்கு அப்போது தெரியாது. எல்லோரும் "சரியாகிவிடும், சரியாகிவிடும்" என்று சொன்னதில் நானும் நோட்டில் எதையும் குறிக்காமல் விட்டுவிட்டேன்.

மருந்தே வேறு. ஜி.பி.எஸ்.ஸுக்கு ஸ்டீராய்டு உதவாது, சி.ஐ.டி.பி.க்கு அதுதான் எங்களைக் காப்பாற்றியது. இரண்டாவது நரம்பு டெஸ்ட்டில்தான் உறை பாதிப்பு பளிச்சென்று தெரிந்தது. அதனால் டெஸ்ட்டை மறுபடி எடுங்கள், கட்டாயம் எடுங்கள். தேதி போட்டு ஒரு நோட்டும் வையுங்கள்.


செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை
டிசம்பர் 12, காலை 11.05

அண்ணா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் இரண்டாவது டெஸ்ட் கட்டாயம் என்பதை நான் ஏற்க மாட்டேன். என் பையன் அந்த மேஜையில் துள்ளிய துள்ளலை இன்னும் மறக்கவில்லை. ஊசி வைத்துப் பார்க்கும் டெஸ்ட் வேண்டாம் என்று நாங்களே கேட்டுக்கொண்டோம், டாக்டரும் சரி என்றார். அவன் வாரத்துக்கு வாரம் தேறிக்கொண்டிருந்தான். நடக்கிற பிள்ளையைப் படுக்க வைத்துக் கரன்ட் கொடுத்து, நரம்பு தேறிவிட்டதா என்று கேட்பானேன்?


அம்மாபேட்டை தறி
டிசம்பர் 12, காலை 11.30

என் மகளும் வாரத்துக்கு வாரம் தேறிக்கொண்டுதான் இருந்தாள் தம்பி. அதனால்தான் சொல்கிறேன்.


ரீடிங் எடுப்பவன்
டிசம்பர் 12, மதியம் 1.50

இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. டெஸ்ட் எடுத்துச் சம்பளம் வாங்குகிறவன் நான், இருந்தாலும் சொல்கிறேன். பதில் தெரிந்து எதையும் மாற்றப் போவதில்லை என்றால் பிள்ளையை மேஜையில் ஏற்றாதீர்கள். ஆனால் இந்தக் குழந்தைக்கு முதல் டெஸ்ட் ஆறாம் நாளே எடுத்திருக்கிறார்கள். முதல் வாரத்தில் எடுக்கிற டெஸ்ட் அரைகுறை. சிலருக்கு எஃப் அலை (கரன்ட் முதுகுத்தண்டு வரை போய்த் திரும்பி வரும் சின்ன அலை) மட்டும் காணாமல் போய் மற்றதெல்லாம் நார்மலாகவே வரும். முதுகில் எடுக்கிற தண்ணீரில் புரதம் கூடுவதும் பல பேருக்கு ஒரு வாரத்துக்குப் பிறகுதான். கிலன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று டாக்டர்கள் 1916இல் இரண்டு சிப்பாய்களிடம் கண்டு எழுதியதே அந்தப் புரதத்தைப் பற்றித்தான். ஆகவே சில வாரம் கழித்து இன்னொரு டெஸ்ட் எடுத்தால், கேட் சாத்தியிருந்ததா, பாதை போயிருந்ததா என்பது ஓரளவு பிரியும். தேவையா என்பதை டாக்டர் சொல்லட்டும்.


ஒண்டிக்கடை அம்மா
டிசம்பர் 12, இரவு 9.15

எல்லோருக்கும் நன்றி. பாதம் ஐஸ் மாதிரிதான் இருந்தது, சாக்ஸைக் கழற்றி உடனே வைத்தார்கள். அழுகையும் அதிகம். இன்று பெரிய டாக்டரிடம் தைரியமாகக் கேட்டேன். உட்கார்ந்து பேசினார். "முதல் ரிப்போர்ட்டை வைத்து நான் எதுவும் சொல்ல மாட்டேன். மருந்து கொடுக்க அது உதவியது, அவ்வளவுதான். ஏழு வாரம் கழித்து எடுப்போம்" என்றார். தறி அண்ணன் சொன்னபடி நோட்டு வாங்கிவிட்டேன்.


கடையாம்பட்டி பெரியவர்
டிசம்பர் 13, காலை 7.30

அம்மா, எங்கள் பக்கத்தில் வாத எண்ணெய் காய்ச்சித் தருகிறார்கள். சூடு பண்ணித் தினம் இரண்டு வேளை அழுத்தித் தேய்த்தால் நரம்பு முறுக்கேறும். பேத்தி மாதிரி நினைத்துச் சொல்கிறேன்.


அஸ்தம்பட்டி பிசியோ
டிசம்பர் 13, மதியம் 2.20

ஐயா, உங்கள் அக்கறைக்கு நன்றி. ஆனால் சூடும் வேண்டாம், அழுத்தமும் வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்குத் தொட்டாலே வலிக்கும் நாட்கள் உண்டு. வலு இல்லாத மூட்டை அழுத்தித் திருகினால் கேடுதான் வரும். அம்மா மெதுவாகத் தடவிக் கொடுப்பது வேறு, அதைத் தாராளமாகச் செய்யட்டும்.

பாப்பாவின் அம்மாவுக்கு: இப்போது உங்கள் கையில் இருக்கிற பெரிய வேலை கணுக்கால்தான். படுத்தே கிடந்தால் பாதம் முன்பக்கமாகத் தொங்கிக் குதிகாலின் பின்பக்கத் தசைநார் சுருங்கிவிடும். நரம்பு திரும்பி வந்த பிறகும் அந்தச் சுருக்கம் நடக்க விடாது. தினமும் நாலைந்து தடவை, குதிகாலை உள்ளங்கையில் ஏந்தி, முன்பாதத்தை உங்கள் முன்கையால் மேல்நோக்கித் தள்ளிப் பிடியுங்கள். முப்பது எண்ணும் வரை, பாட்டுப் பாடிக்கொண்டு. ராத்திரிக்கு ஸ்பிளின்ட், அதாவது பாதம் தொங்காமல் தாங்கிப் பிடிக்கும் அச்சு.

வலு பொதுவாக இடுப்பு, தொடை, முழங்கால், கடைசியாகப் பாதம் என்ற வரிசையில் திரும்பும். பாதம் மட்டும் பின்தங்கினால் மற்றதும் வராது என்று நினைக்காதீர்கள். நோட்டில் மில்லிவோல்ட்டை எழுதுவதைவிட, தரையில் இருந்து எழ எத்தனை நொடி, எதைப் பிடித்து எழுந்தாள், எத்தனை படி ஏறினாள் என்று எழுதுங்கள். வாரம் ஒரு முறை, அதே கிழமை, அதே நேரம். களைத்துப் போகும் வரை பயிற்சி வாங்காதீர்கள், மறுநாள் அவள் சோர்ந்து கிடந்தால் முந்தின நாள் கூடிவிட்டது என்று பொருள்.

இன்னொன்று. டாக்டர் முட்டியில் சுத்தியால் தட்டும்போது கால் துள்ளவில்லை என்று மனம் உடையாதீர்கள். நன்றாக ஓடுகிற பிள்ளைகளுக்கும் அது மாதக்கணக்கில் திரும்பாமல் இருக்கும்.


ஒண்டிக்கடை அம்மா
டிசம்பர் 24, மாலை 6.40

வீட்டுக்கு வந்துவிட்டோம். காப்பீட்டு அட்டை இருந்ததால் மருந்துச் செலவில் மூழ்காமல் தப்பித்தோம். 36 கிராம் மருந்து, கிலோவுக்கு 2 கிராம் கணக்கு என்று பில்லைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

தானாக உட்காருகிறாள். தட்டில் இருந்து தானே எடுத்துச் சாப்பிடுகிறாள், ஸ்பூன் இன்னும் கஷ்டம். நிற்க வைத்தால் முழங்கால் மடிகிறது. நோட்டில் இரண்டு தடவை எழுதியாயிற்று. இரண்டிலும் "எழவில்லை" என்றுதான் எழுதினேன்.


செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை
டிசம்பர் 24, இரவு 8.00

எங்கள் நோட்டிலும் அந்த வார்த்தை ஐந்து வாரம் இருந்தது சகோதரி.


ஒண்டிக்கடை அம்மா
பிப்ரவரி 2, இரவு 9.30

எழுத நேரமே கிடைக்கவில்லை. ஜனவரி 8, நாற்காலியைப் பிடித்து எழுந்தாள், 40 நொடி. 15ஆம் தேதி 22 நொடி. 22ஆம் தேதி என் விரலைப் பிடித்து ஒன்பது அடி நடந்தாள். 29ஆம் தேதி ஒண்டியாக அடுப்படி வரை.

60 நாள் கணக்குக்காக ஒருவர் வந்து பார்த்துவிட்டு, முகம் மலர்ந்து எழுதிக்கொண்டு போனார். இரண்டாவது நரம்பு டெஸ்ட் போன வாரம். இந்தத் தடவை நானே பாதத்தை வெந்நீர் டவலில் சுற்றி வைத்திருந்தேன். டெக்னீஷியன் அம்மா முதலில் தன் கையிலேயே கரன்ட் வைத்துக் காட்டினார், இவள் அழவில்லை. முழங்காலுக்குக் கீழே வைத்ததும் வலது பாதத்தில் லேசாக, இடது பாதத்தில் நன்றாக விரல் துள்ளியது. "அம்மா, தானா குதிக்குது பாரு" என்று அவளே தலையைத் தூக்கிப் பார்த்தாள். இடது கால் 2.1, வலது 0.9. கை 4க்கு மேல். வேகம் 48. கொஞ்சம் கேட் சாத்தியிருந்தது, கொஞ்சம் பாதையும் போயிருக்கிறது என்று நானாகச் சொன்னேன், டாக்டர் ஆமாம் என்றார். வலது பாதத்துக்கு ஒரு வருடம் வரை பொறுக்கச் சொன்னார்.

கொலுசு அண்ணா, அவளைப் படுக்க வைத்தபோது நீங்கள் எழுதியது ஞாபகம் வந்தது, எடுக்காமல் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன்.


அம்மாபேட்டை தறி
பிப்ரவரி 2, இரவு 10.10

படித்துவிட்டு மகளிடமும் சொன்னேன். அவள் ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வருகிறாள், பள்ளிக்கு நடந்து போகிறாள். எட்டு வாரக் கெடு உங்களுக்குத் தாண்டிவிட்டது அம்மா, இறங்காமலே தாண்டிவிட்டது. ஆனாலும் நோட்டை நிறுத்தாதீர்கள்.


செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறை
பிப்ரவரி 3, காலை 7.15

எடுத்தது நல்லதுதான் சகோதரி. வலது பாதம் ஏன் தாமதம் என்பது உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எங்களுக்குக் கடைசி வரை தெரியாமலேதான் கடந்தோம்.


ஒண்டிக்கடை அம்மா
ஜூன் 14, மாலை 5.20

பள்ளி திறந்ததும் போகிறாள். எழ 4 நொடி, எதையும் பிடிப்பதில்லை. படி ஏறுகிறாள், இறங்கும்போது மட்டும் கைப்பிடி. வலது பாதம் சாயங்காலம் ஆனால் தரையில் உரசுகிறது, செருப்பின் முன்பக்கம் அந்த ஒரு காலில் மட்டும் தேய்ந்திருக்கிறது. பகலில் போடும் ஸ்பிளின்ட் போட்ட இடத்தில் இரண்டு நாளாகச் சிவந்திருக்கிறது. கழற்றி வைத்துவிடலாமா?


அஸ்தம்பட்டி பிசியோ
ஜூன் 14, இரவு 7.45

கழற்ற வேண்டாம், பாதம் வளர்ந்திருக்கும். ஆறு மாதத்துக்கு முந்தின அளவு அது. சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் மட்டும் புது அளவு வரும் வரை போடாமல் நிறுத்தி வையுங்கள். செய்து கொடுத்தவரிடம் இந்த வாரமே புது அளவு எடுங்கள். தேய்ந்த செருப்பையும் கையோடு கொண்டு போங்கள், எந்தப் பக்கம் உரசுகிறாள் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்.